காட்டில சும்மா கிடக்கிற பழத்தை ஏன் வளவில நடுறாய்?

போன செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்வளவில் முழங்காலில் இருந்து பழம் ஆய்ந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்திருந்த அண்ணை ஒருவர் கோப்பிக் கோப்பையோடு பின்பக்கம் வந்தார். சொந்த அண்ணை இல்லை. சுவீடனுக்கு வந்த புதிதில் ஒரே முகாமில், ஒரே அறையில் இருந்தவர். அன்று தொடக்கம் அண்ணை.

"என்னடாப்பா செய்யிறாய்?"

"லிங்கோன் ஆயிறன் அண்ணை."

அவர் பாத்தியைப் பார்த்தார். பிறகு வேலிக்கு அப்பால் தெரிகிற பைன் மரங்களைப் பார்த்தார்.

"றோட்டைக் கடந்தால் காடு. காடு முழுக்க இது சும்மா கிடக்குது. அதைப் போய்க் காசு குடுத்து வாங்கி வளவில நட்டு வைச்சிருக்கிறாய். உனக்கென்ன விசரே?"

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். முழங்கால் நோவோடு இருக்கிற மனிசனுக்கு நியாயம் பேச வராது. ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றது. அதுதான் இந்தப் பதிவு. அண்ணை வாசிப்பார் என்று தெரியும், அதனால் கொஞ்சம் மரியாதையாகவே எழுதுகிறேன்.

முதலில் லிங்கோன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு. நோர்வேயிலும் டென்மார்க்கிலும் இருப்பவர்கள் இதை வேறு பெயரில் சொல்வார்கள். ஜேர்மன்காரர் பிரைசல்பேர என்பார்கள். கனடாவின் நியூபவுண்ட்லாண்டில் இதுவே பார்ட்ரிஜ்பெரி. சாணுயரம்கூட வளராத பற்றை. தடிப்பான, மினுங்குகிற சின்ன இலை. பனிக்குள்ளும் உதிராது, பச்சையாகவே இருக்கும். பழம் மஞ்சாடி விதையை விடக் கொஞ்சம் பெரிது, நிறமும் அதே சிவப்பு. வாயில் போட்டால் முதலில் புளிப்பு, பிறகு ஒரு கைப்பு, கடைசியில் நாக்கை இழுக்கிற துவர்ப்பு. ஊரில் கிளாப்பற்றைக்குள் கையை விட்டு முள்ளுக் கீறக் கீறக் கிளாக்காய் தின்றவர்களுக்கு இந்த ருசி புதிதாக இராது. சுவீடன்காரர் இறைச்சி உருண்டைக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி சிவப்பாக வைப்பார்களே, அதுதான்.

அண்ணை சொன்னது பொய்யில்லை. இந்த நாட்டில் 'அல்லமான்ஸ்ரெட்டன்' என்று ஒரு உரிமை இருக்கிறது. காடு யாருடையதாக இருந்தாலும், வீட்டு வளவையும் பயிர் நிலத்தையும் தவிர்த்து, யாரும் உள்ளே நடக்கலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். 1994-ல் அதை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். குடியுரிமை கேட்கமாட்டார்கள், விசா கேட்கமாட்டார்கள். நான் இந்த நாட்டில் முதன்முதலில் அனுபவித்த உரிமை அதுதான். இருக்கிற அனுமதி கிடைப்பதற்கு ஒன்றரை வருசத்துக்கு முன்னமே பழம் பறிக்கிற அனுமதி எனக்கு இருந்தது.

அது 1987. அகதிகளை ஸ்டொக்ஹோமிலும் மற்றப் பெரிய நகரங்களிலும் குவியவிடாமல் நாடு முழுக்கப் பரப்பி விடுகிற கொள்கையை 1985-ல் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பரப்பலில் நாங்கள் விழுந்த இடம் வெஸ்டர்நோர்லாண்ட். மரமும் ஆறும் மரமும். விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. கையில் தருகிற காசில் சிகரெட்டும் முத்திரையும் வாங்கினால் முடிந்துவிடும். வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. 1987 ஊரில் எப்படிப்பட்ட வருசம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முந்தின வருசம் ஏப்ரலில் செர்னோபில் வெடித்திருந்தது. அந்தக் காற்று வந்த நாட்களில் யெவ்லேயிலும் வெஸ்டர்நோர்லாண்டின் பல பகுதிகளிலும் மழை பெய்து, சீசியம் நிலத்தில் இறங்கிவிட்டது. காளானுக்கும் கலைமான் இறைச்சிக்கும்தான் பெரிய பயம், ஆனால் எங்கள் பக்கத்துச் சனத்தில் சிலர் பழத்தையும் தொடவில்லை. அதனாலேயோ என்னவோ, ஓகஸ்ட் கடைசியில் முகாமுக்குப் பின்னால் வெட்டித் தறித்த காட்டில் நிலம் சிவப்பாகக் கிடந்தது. எங்களுக்கு சீசியம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பறித்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு வியாபாரி கிழமைக்கு மூன்று நாள் வானில் வருவார். கிலோவுக்கு ஆறோ ஏழோ குரோனர், சரியாக ஞாபகம் இல்லை. சீப்பு மாதிரிப் பல்லு வைத்த ஒரு பெட்டி, அதைப் பற்றைக்குள் விட்டு இழுத்தால் பழம் பெட்டிக்குள் விழும், இலையும் சேர்ந்து விழும். குனிந்தபடி காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் இருட்டும் வரை. நல்ல நாளில் நான் இருபத்தைந்து கிலோ எடுத்திருக்கிறேன். அண்ணை என்னிலும் கூட. அவர் தோட்டக்காரரின் மகன், முதுகு எங்களைப் போலப் பள்ளிக்கூட முதுகு இல்லை.

வியாபாரியின் தராசில் எங்கள் பழம் எப்போதும் மெலிந்துவிடும். ஒரு நாள் முகாம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். பதினொரு கிலோ. வான் வந்தது. அதே வாளி, ஒன்பது. "இலை, இலை" என்று கையால் காட்டினார். நாங்கள் இலை பொறுக்கித்தான் கொண்டுபோனோம். அண்ணை வாய் திறக்கப் போக நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏனென்று கேட்டால், பயம். சண்டை வந்து பொலிஸ் வந்தால் விண்ணப்பத்துக்கு என்ன ஆகும் என்கிற பயம். அந்த இரண்டு கிலோ என்னவென்று அந்த மனிசனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்களால் கேட்க ஏலாது என்பதும் அவருக்குத் தெரியும்.

பிறகு அனுமதி வந்தது, மொழி படித்தேன், தெற்கே ஸ்மோலாண்டுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே ஒரு மேற்பார்வையாளர், எதுவும் பிழைத்தால் "இது ஒரு அழுகின லிங்கோனுக்கும் பெறாது" என்பார். சுவீடிஷில் அது சாதாரணமாகச் சொல்கிற சொல்தான், ஒன்றுக்கும் உதவாதது என்ற அர்த்தத்தில். அவருக்கு அது வெறும் சொல். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்தத் தராசு ஞாபகம் வரும்.

இருபத்தைந்து வருசமாகக் கடையில்தான் வாங்கினோம். பிள்ளைகளுக்குப் பான்கேக்கோடு வேணும், மனுசிக்குச் சம்பலுக்கு வேணும். உறைய வைத்த அரைக்கிலோப் பை, கடைத்தெருவில் ஒரு கோப்பியும் கேக்கும் எடுக்கிற காசுக்குள் வந்துவிடும். மலிவு என்று நினைத்தேனே தவிர ஏன் மலிவு என்று நினைக்கவில்லை. நான் நினைக்காமல் விட்டதுதான் இதில் எனக்கு வெட்கம். மற்றவர்கள் நினைக்காவிட்டால் அது வேறு.

2013 கோடையில் பழைய இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று வடக்கே போனோம். ஒரு பெற்றோல் நிலையத்தில் பழைய வான் ஒன்று. அதற்குள் இருந்து எட்டுப் பேர் இறங்கினார்கள், தாய்லாந்துக்காரர். எல்லாருடைய விரலும் நீலமாகச் சாயம் பிடித்திருந்தது. புளூபெரிக் காலம் அது. அதில் ஒருவர், என் வயது இருக்கும், என் மகனைப் பார்த்துச் சிரித்தார். அரைகுறை இங்கிலிசில் கதைத்தோம். நெல் நட்டுவிட்டு வந்திருக்கிறார், அறுப்புக்குத் திரும்பிப் போகவேண்டும். விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் காணியை வைத்துக் கடன் எடுத்திருக்கிறார். இங்கே தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வானுக்கும் நாள் கணக்கில் கழிப்பார்கள். விடிய மூன்றரைக்கு எழும்புவது, இரவு எட்டுக்குத் திரும்புவது. "நல்ல வருசமா?" என்று கேட்டேன். கையை விரித்தார். போன வருசம் நல்லம், இந்த வருசம் தெரியாது.

கடைசியாக நான் கேட்டது: "தராசு சரியா?"

அவருக்கு விளங்கவில்லை. கையால் காட்டினேன். விளங்கியது. சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வடகிழக்குத் தாய்லாந்தின் ஏழை விவசாயிகள் ஒவ்வொரு கோடைக்கும் ஆயிரக்கணக்கில் சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் வருகிறார்கள். பழம் காய்க்காத வருசத்தில் கடனோடு திரும்பிப் போனவர்களின் கதை சுவீடிஷ் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது. அவர்களுக்கும் உத்தரவாதச் சம்பளம் இருக்கவேண்டும் என்று சுவீடன் விதி வைத்தது. விதி வந்தவுடன் அதைச் சுற்றிப் போகிற வழியும் வந்தது. வேலைக்கு ஆள் எடுக்கிற நிறுவனம் தாய்லாந்தில், பழம் சுவீடனில், கடைக்குப் பொறுப்பில்லை. பின்லாந்தில் அவர்கள் தொழிலாளராகவே இல்லாமல், குறுகிய கால விசாவில் வந்த "சுயமாகப் பழம் பறிப்பவர்கள்" என்றே கனகாலம் கணக்கு. ஆட்கடத்தல் வழக்குகள் நீதிமன்றம் வரை போன பிறகுதான், 2024-ல், அந்த விசாவை நிறுத்தி வேலை ஒப்பந்தத்தோடு வா என்றார்கள்.

சிலர் கேட்கலாம், நீயும்தான் பறித்தாய், உனக்கென்ன நடந்தது, இரண்டு கிலோதானே போனது என்று. உண்மைதான். எனக்கு முகாமில் படுக்கையும் சாப்பாடும் இருந்தது, கடன் ஊரில் அம்மாவின் தலையில் இருந்ததே தவிர வானுக்குக் காசு கட்டவேண்டி இருக்கவில்லை. நான் அவர்களுடன் என்னை ஒப்பிடவில்லை. வாய் திறக்க ஏலாத நிலை மட்டும் ஒன்றுதான். எங்களுக்கு விண்ணப்பம், அவர்களுக்குக் கடன்.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். நடப்போகிறவர்களுக்கு என் பிழைகளாவது உதவட்டும்.

முதல் பிழை 2015-ல். காட்டில் இருந்து வேரோடு கிண்டிக்கொண்டு வந்தேன். அது பிழை என்று பிறகுதான் தெரியும். பழம் பறிக்கலாம், செடியைக் கிண்ட நிலத்துக்காரரிடம் கேட்கவேண்டும். தண்டனை செடியே தந்தது, ஒன்றும் பிழைக்கவில்லை. லிங்கோனின் வேர் நிலத்துக்குக் கீழே பக்கமாக ஓடி ஓடிப் பரவுவது. நாங்கள் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அதற்கு மிஞ்சுவது தும்பு மாதிரிக் கொஞ்ச வேர்தான்.

இரண்டாவது பிழை எங்கள் பரம்பரைப் பிழை. அடுத்த வருசம் கடையில் ஆறு கன்று வாங்கி, மிளகாய்க்கு வெட்டுகிற மாதிரிப் பாத்தி வெட்டி, நல்ல மாட்டெரு போட்டு நட்டேன். ஊரில் எரு போடாமல் கன்று நட்டால் அப்பா அடிக்க வருவார். ஒரு மாதத்தில் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, பிறகு கருகிப்போனது. பக்கத்து வீட்டு அம்மா, எண்பது வயது, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்குச் சாப்பாடு போடக்கூடாது, பட்டினி போடவேண்டும்" என்றார். நான் பகிடி என்று நினைத்தேன்.

பகிடி இல்லை. லிங்கோன் வாழ்கிற பைன் காட்டு மண், புளிச்சல் மண், சத்தே இல்லாத மண். பிஎச் 4½-க்கும் 5-க்கும் இடையில் இருந்தால் அதற்குச் சந்தோசம். எங்கள் வளவு மண் 6½ காட்டியது. அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க ஏலாது, அதுதான் இலை மஞ்சளானது. காட்டில் வேரோடு சேர்ந்து வாழ்கிற ஒரு பூஞ்சைதான் இதற்குச் சாப்பாடு தேடிக் கொடுக்கும். எருவைக் கொட்டினால் செடி தளும்பும், புல்லு மட்டும் செழிக்கும்.

2018-ல் மூன்றாம் முறை. மூன்று மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆழம். உள்ளே இருந்த நல்ல மண்ணை எல்லாம் அள்ளி வெளியே போட்டேன். அள்ளும்போது மனம் கேட்கவில்லை, அது வேறு கதை. அதற்குள் சுண்ணாம்பு சேர்க்காத தோர்வ் என்கிற சதுப்புக்கரி மண், ஆற்று மணல், பைன் மரப்பட்டைத் தூள். சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுக்கிற தோர்வ் சூழலுக்குக் கூடாது என்று என் மகள் சொல்வாள். அவள் சொல்வது சரி. அதனால் ஒருதரம் போட்டதோடு சரி, பிறகு ஒவ்வொரு வருசமும் பைன் ஊசியிலைதான் மேலே தூவுகிறேன். தண்ணி மழைப் பீப்பாயில் இருந்துதான். எங்கள் பக்கத்துக் குழாய்த் தண்ணியில் சுண்ணாம்பு கூட, அதை விட்டால் நாலு வருசத்தில் பழைய கதைதான்.

கன்று இருபத்திநாலு வாங்கினேன், பாதி 'சுஸ்ஸி', பாதி 'சன்னா'. இரண்டும் 1980-களில் தெற்கே கிறிஸ்டியான்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் பால்ஸ்கோர்ட் ஆராய்ச்சித் தோட்டத்தில் இருந்து வந்த இனங்கள். ஒல்லாந்து இனமான 'கொரால' கடையில் கூடுதலாகக் கிடைக்கும், வருசத்தில் இரண்டு முறை பூக்கும், ஆனால் பழம் சின்னன். ஒரு கன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் முப்பது, முப்பத்தைந்து சதமமீற்றர் விட்டேன். வெயில் நல்லாகப் படவேண்டும். நிழலில் இலை வரும், பழம் வராது. காட்டிலும் அப்படித்தான், மரம் வெட்டின இடத்தில்தான் நிலம் சிவக்கும்.

இதில் உண்மையான வேலை களை பிடுங்குவது. செடி நெருங்கி மூடும்வரை மூன்று வருசம் புல்லோடு மல்லுக்கட்டவேண்டும், மண்வெட்டி போட ஏலாது, வேர் மேலாலேயே ஓடுகிறது. கையால்தான். அடுத்தது பூக்காலத்தில் வருகிற பனி. மே கடைசியில் ஒரு இரவு மைனசுக்குப் போனால் வெள்ளைப் பூவெல்லாம் பழுப்பாகிவிடும். பழைய வேட்டி ஒன்று அதற்கென்றே வைத்திருக்கிறேன். மாலையில் போர்த்து, விடிய எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் பம்பல் வண்டுகள் உள்ளே போக ஏலாது, அவை வராவிட்டால் காய் பிடிக்காது. வேட்டி விரித்த பாத்தியைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா என்ன நினைத்தாவோ தெரியாது, கேட்கவில்லை.

முதல் வருசம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருசம் ஒரு கைப்பிடி. மூன்றாம் வருசம் ஒரு லீற்றர். போன வருசம் நாலு லீற்றர், நிறுத்தால் இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட. ஒரு குடும்பத்துக்கு வருசம் முழுக்கக் காணாது. ஆனால் பொருளாதாரம் பேசவென்றுதான் இந்த இலக்கத்தைச் சொல்கிறேன்.

போன செப்டெம்பர் நான் மணிக்கூடு பார்த்து ஆய்ந்தேன். ஒரு லீற்றர் கையால் ஆய்ந்து, இலை பொறுக்கித் துப்புரவாக்க நாற்பது நிமிசம். கடைசியாக நான் வேலை செய்த இடத்தில் மணிக்கு 150 குரோனர். அப்படியென்றால் லீற்றருக்கு 100 குரோனர் வேலைக்கூலி மட்டும். கன்று, தோர்வ், நாலு வருசக் களை எல்லாம் இலவசம் என்று வைத்துக்கொண்டாலும்.

உடனே எழுதவேண்டாம், எனக்கும் தெரியும்: காட்டில் சீப்புப்பெட்டியால் இழுப்பவன் இதைவிடப் பல மடங்கு வேகம். நானே இழுத்தவன். ஆனால் அவன் பழம் இருக்கிற இடத்தைத் தேடி வானில் நூறு கிலோமீற்றர் ஓடவேண்டும், வெறும் காட்டுக்குள் நடந்து திரும்பவேண்டும், வாளியைச் சுமந்து றோட்டுக்கு வரவேண்டும். அந்த நேரத்துக்கு ஒருவரும் நிறுப்பதில்லை. நிறுக்கிறது பழத்தை மட்டும். கிலோக் கணக்கில் கூலி என்றால், பழம் இல்லாத வருசத்தின் நட்டம் முழுக்கப் பறிக்கிறவன் தலையில். காடு காய்க்காததற்கு அவனா பொறுப்பு? மணிக்கணக்கில் கூலி கொடுத்தால் அந்த நட்டம் நிறுவனத்துக்கும் கடைக்கும், கடைசியில் எனக்கும் வரும். வரட்டும். அரைக்கிலோப் பையின் விலை இரட்டிக்கட்டும். எங்கள் யாருக்கும் லிங்கோன் அரிசி இல்லை, மாதம் நாலு கரண்டி தின்கிற பழம்.

என் மகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா, எல்லாரும் உங்களை மாதிரி வளவில நட்டால் அந்தத் தாய்லாந்து ஆளுக்கு அடுத்த வருசம் வேலையே இல்லை" என்றாள். சரியான கேள்வி. அதனால் தெளிவாகச் சொல்கிறேன், நான் கடை லிங்கோனைப் பகிஷ்கரிக்கவில்லை. என் நாலு லீற்றர் ஜனவரியில் முடிந்துவிடும், பிறகு கடைக்குத்தான் போகிறேன். போகும்போது யார் பறித்தது, எப்படிக் கூலி கொடுத்தது என்று கேட்கிறேன். கடைப்பெடியன் முழிப்பான். நிறுவனத்துக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன், ஒன்றுக்குப் பதில் வந்தது, அழகான பதில், அதில் சம்பளம் என்ற சொல்லே இல்லை. மூன்றாவதும் எழுதுவேன். வளவில் நட்டபடியால்தான் எழுதுகிறேன். நடாவிட்டால் நாற்பது நிமிசம் என்ற கணக்கு என்னிடம் இல்லை, "மலிவு" என்று கூடைக்குள் போட்டுக்கொண்டு போயிருப்பேன், முந்தின இருபத்தைந்து வருசம் போலவே.

எங்கள் சனத்திடம் எனக்கு இன்னொரு சின்னக் கோபம். குளிர்காலத்தில் அறைக்குள் விளக்குப் போட்டு, ஹீற்றர் வைத்து, கறிவேப்பிலைக்கு ஒரு பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறோம். நானும்தான். முருங்கை இரண்டு தொட்டியில் நிற்கிறது, ஐந்து வருசமாகக் காய் காணவில்லை. ஆனால் மைனஸ் இருபதில் பனிக்குக் கீழே பச்சையாகக் கிடந்து, ஒரு பிடி எருவும் கேட்காமல் காய்க்கிற செடியை "அது வெள்ளையளின்ர பழம்" என்கிறோம்.

சமையலுக்கு வந்தால், இதைப்போல் சோம்பேறிக்கு ஏற்ற பழம் இல்லை. சுவீடன்காரர் அடுப்பே மூட்டாமல் சீனியைப் போட்டுக் கரண்டியால் கிளறி வைப்பார்கள். இன்னும் பழைய முறை, பழத்தைக் கழுவிப் போத்தலில் போட்டு, ஆறவைத்த கொதிநீரை விட்டு மூடிக் குளிரில் வைப்பது. மாதக்கணக்கில் பழுதாகாது. பழத்திலேயே பென்சோயிக் அமிலம் இருக்கிறது, சாப்பாட்டுப் பெட்டிகளில் இ 210 என்று போடுகிறார்களே, அதுவேதான். மனுசி செய்வது இது இரண்டுமில்லை. செத்தல் மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, ஒரு பிடி லிங்கோன், உரலில் இரண்டு தட்டு. தேசிக்காய் தேவையில்லை. புட்டோடு சாப்பிட்டுப் பாருங்கள். சீனி போடாத லிங்கோனைத்தான் வாங்கவேண்டும், ஜாமில் செய்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

மனுசிக்கு இப்போது முழங்கால் ஏலாது, உண்ணிக் கடிக்குப் பயந்து காட்டுக்கும் வரமாட்டா. பாத்திக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு போட்டிருக்கிறேன். அதில் இருந்தபடியே குனிந்து தன் பங்குக்கு ஆய்வா. அண்ணைக்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்திருக்கும், ஆனால் அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று பின்னேரம் அண்ணை வெளிக்கிடும்போது ஒரு லீற்றர் போத்தலில் போட்டுக் கொடுத்தேன். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார், பழைய பழக்கம், பாரம் பார்க்கிற மாதிரி.

"எவ்வளவடா?" என்று பகிடியாகக் கேட்டார்.

"நூறு குரோனர் அண்ணை. இலை பொறுக்கிப்போட்டுத்தான் தாறன், கழிக்கக்கூடாது."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சிரித்துக்கொண்டு காருக்குள் ஏறிவிட்டார். காசு இன்னும் வரவில்லை.